அநான்மவாதமும் மனநோய் மருத்துவமும்

பம்மலுக்கு அணித்தாகிய திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' என்னும் விபஸ்ஸனா நிலையம் உளது. கோயங்கா என்பார் 1969-இல் பர்மாவினின்று இந்தியா போந்து பரப்பிய முறையே ஆண்டுப் பயிற்றப்படுவது. பத்து நாள் வாய்வாளாது மூச்சினை நோக்கலும், பின் உடலின்கண் தோன்றி மறையும் உணர்ச்சிகளை விருப்பு வெறுப்பின்றி நோக்கலும் அதன் உறுப்புக்கள். கடிய மனநோயுடையார் மருந்தெனக் கருதி இதன்கண் வாரற்க என்று அந்நெறியினர் தாமே அறிவித்துள்ளனர். அந்நேர்மை போற்றற்பாலது.

அவ்வளவில் அமையாதார் உளர். 1979-இல் அமெரிக்க மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் கபாட்-சின் என்பார், பௌத்த தியானத்தினின்று சமயப் பெயரைக் களைந்து, எட்டு வாரப் பயிற்சியாக்கினர். அதனைத் தழுவிய மற்றொரு முறை, மீள மீள வரும் மனச்சோர்வைத் தடுத்தற்குச் சிலர்க்கு உதவுவதென ஆய்வுகள் காட்டும். இதனை யாம் மறுக்கின்றிலேம். மூச்சு பௌத்தர்க்கே உரிய பொருளன்றே!

யாம் மறுப்பது, 'நான் என ஒன்றில்லை' என்னும் கொள்கையை அப்பயிற்சியொடு பிசைந்து நோயாளிக்கு ஊட்டுதலையே. தான் தானல்லன் போலத் தோன்றி நடுங்குவதும் மனநோயுள் ஒருவகை. அவனிடம் 'நீ இல்லை' எனல், தளர்ந்தான் ஊன்றிய கோலைப் பறித்தலன்றி வேறென்னை?

அன்றியும், உணர்ச்சியை நோக்குக என்கின்றீர், நோக்குவது யாது? கணந்தோறும் அழிவதொன்று தன் அழிவை அறியுமாறு யாங்ஙனம்? நேற்றைத் துன்பம் இன்று குறைந்ததென்று மருத்துவரிடம் ஒப்பிட்டுரைப்பவன் யாவன்? 'இல்லை' என்று கூறும் அறிவொன்று உண்மையின் ஆன்மா உண்டென்றார் மெய்கண்டதேவர், சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில். நான்காஞ் சூத்திரமோ, அந்தக்கரணங்கள் ஆன்மாவல்ல என்றும், அரசற்கு அமைச்சர்போல் அதற்குத் துணையாவன என்றும் தெளிவிக்கும். ஆகலின் மனநோய் கருவியின் கேடு. அக்கருவியை உடையான் கெட்டொழிந்திலன். இதனினும் நோயாளிக்கு ஆறுதலாவது பிறிதில்லை.

நம்மவரோ, 'எல்லாம் நம் யோகமே' எனக் கூறி உறங்குவர். பம்மலை அடுத்த பல்லாவரத்தில் வதிந்த மறைமலையடிகள் யோகநித்திரை பற்றித் தனிநூலே செய்தனர். அதனைத் திறந்து பார்த்தார் எத்துணையர்? மனநோயுற்றாரைப் பேய் பிடித்தாரென ஒதுக்குவாரும் நம்முள் இலரல்லர். கருவியைச் செப்பஞ் செய்தல் மருத்துவர் தொழில். அவரை நாடுதல் சைவர்க்கு இழுக்கன்று.

மருத்துவரும், தாம் பயிற்றுவதில் மருந்து எவ்வளவு, புத்தர் கொள்கை எவ்வளவு என்பதை முன்னரே எடுத்துரைப்பாராக. கேட்டபின் நோயாளி உடன்படின், நமக்கு வழக்கில்லை.