‘இல்லாவிட்டால்’ என்று ஒரு வரி



அண்மையில் வெள்ளவத்தையில் ஒரு சகோதரியைப் பார்க்கப் போயிருந்தேன். வன்னியிலிருந்து வந்து, வாடகை அறையொன்றில் தையல் வேலை செய்து வாழ்கிறார். 2009 இல் கணவரைக் கடைசியாகக் கண்டபோது மகள் கைக்குழந்தை. இப்போது அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அன்று அவள் அழாத குறை.

“மிஸ், எல்லாம் சரியாத்தான் எழுதினனான். கொம்பியூட்டர் பிழை எண்டு சொல்லுது.”

அவள் எழுதியிருந்தது பஸ்கால் என்ற பழைய கணினி மொழியில். சுவிற்சர்லாந்துப் பேராசிரியர் நிக்லாஸ் விர்த் 1970 இல் வெளியிட்ட மொழி அது. நமது சாதாரண தரப் பாடப்புத்தகத்திலும் இடம்பெற்றது. நான் சமூகவியல் படித்தவள். என்றாலும் முன்பு ஒரு வகுப்பில் படித்தது கைகொடுத்தது.

பஸ்காலில் நிபந்தனைக்கு மூன்று சொற்கள். ‘இஃப்’ என்பதன் பின் நிபந்தனை. ‘தென்’ என்பதன் பின், அது பொருந்தினால் செய்ய வேண்டியது. ‘எல்ஸ்’ என்பதன் பின், பொருந்தாவிட்டால் செய்ய வேண்டியது. புள்ளி 35 அல்லது அதற்கு மேல் என்றால் ‘சித்தி’ என்று காட்டு, இல்லாவிட்டால் ‘சித்தியில்லை’ என்று காட்டு. இது முழுவதும் ஒரே கூற்று.

பிள்ளை விட்ட பிழை, ‘எல்ஸ்’ என்பதற்கு முன் அரைப்புள்ளி போட்டதுதான். ஒரு கூற்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கே அரைப்புள்ளி. அதை இடையில் போட்டால் கூற்று அங்கேயே முடிந்துவிடும். ‘எல்ஸ்’ தாயில்லாப் பிள்ளைபோல் தனித்து நிற்கும்.

இன்னொரு விதியும் சொன்னேன். ‘தென்’ என்பதன் பின் இரண்டு வேலைகள் இருந்தால் ‘பிகின்’, ‘எண்ட்’ என்ற சொற்களுக்கு நடுவே எழுத வேண்டும். இல்லாவிட்டால் முதல் வேலை மட்டுமே நிபந்தனைக்குக் கட்டுப்படும். இரண்டாவது எல்லோருக்கும் நடந்துவிடும்.

“எல்ஸ் எழுதாமலே விட்டால் என்ன நடக்கும்?” என்று மகள் கேட்டாள்.

“பிழை காட்டாது. நிபந்தனை பொருந்தாதவருக்கு ஒன்றும் செய்யாமல் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.”

தையல் மெஷின் நின்றது. “எங்கட கதையும் அதுதான் மிஸ்,” என்றார் தாய். “புருஷன் செத்திருந்தால் மரணச் சான்றிதழ் கொண்டுவா எண்டுதான் கேட்டவை. காணேல்லை எண்டவளுக்கு என்ன வழி எண்டு ஒருத்தரும் எழுதேல்லை.”

எனக்குப் பதில் வரவில்லை.

அந்த விடுபட்ட வரி பிந்தித்தான் எழுதப்பட்டது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) திருத்தச் சட்டம், இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு இடம் தந்தது. அதைக் கொண்டு நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். சொத்துகளைப் பராமரிக்கவும் வழியுண்டு. ‘எங்களுக்குச் சான்றிதழ் வேண்டாம், உண்மைதான் வேண்டும்’ என்னும் தாய்மாரும் உள்ளனர். அது அவர்களது உரிமை. எடுப்பதும் விடுவதும் உங்கள் முடிவு. ஆனால் வழியொன்று இருப்பதை அறிந்து முடிவெடுங்கள். விபரத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

மகள் அரைப்புள்ளியை அழித்தாள். ‘சித்தி’ என்று திரையில் வந்தது. தாய் எழுந்து வந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணி வைக்கப் போனார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.