செவ்வாய்ப் பிரயாணமும் தேச கர்வமும்

செவ்வாய் கிரகத்திற்கு மனிதர்களை அனுப்ப வேண்டும் என்ற பேச்சு அமெரிக்கா, சீனா, ருஷியா, ஐரோப்பா ஆகிய இடங்களில் நெடுநாளாக நடந்து வருகின்றது. அதோடு கூடவே, "நம் கொடிதான் அங்கு முதலில் பறக்க வேண்டும்" என்கின்ற கர்வமும் வளர்ந்து வருகின்றது. இக்கர்வம் அக்காரியத்தையே கெடுத்துவிடும் என்பதுதான் நமது அபிப்பிராயம்.

செவ்வாய்க்குப் போவதென்பது பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்வரும் சங்கதியல்ல. புறப்படுவதற்கு ஏற்ற சமயம் சுமார் 26 மாதத்திற்கு ஒரு முறைதான் வாய்க்கும். போய்ச் சேர ஆறு முதல் ஒன்பது மாதம் வரை ஆகும். அங்கிருந்து ஒரு சொல் பூமிக்கு வருவதற்கே, தூரத்திற்கேற்ப, 3 முதல் 22 நிமிஷம் வரை பிடிக்கும். ஆபத்து நேர்ந்தால் கூட இருப்பவன்தான் துணை. அவ்விடத்தில் "நீ எந்த தேசத்தான்?" என்று கேட்பவன் பிழைப்பானா?

இதைப் பரீட்சித்தும் பார்த்திருக்கிறார்கள். 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை, மாஸ்கோவில் ஜன்னலில்லாத அறைகளில் ஆறு பேரை 520 நாள் அடைத்து வைத்து, செவ்வாய்க்குப் போய்வருவது போலவே நடத்தினார்கள். மூவர் ருஷியர், ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் இத்தாலியர், ஒருவர் சீனர். பாஷை வேறு, சாப்பாடு வேறு, வளர்ந்த விதம் வேறு. ஆயினும் ஆறு பேரும் கடைசி நாள் வரை இருந்தே வெளியே வந்தார்கள்.

"விரோதிகள் எப்படிச் சேர முடியும்?" என்று சிலர் கேட்கலாம். 1975 ஜூலையில் அமெரிக்க விண்கப்பலும் சோவியத் விண்கப்பலும் வானத்தில் இணைந்தனவே, அன்று அவர்கள் சிநேகிதர்களா? அதற்கு முன்னெல்லாம் ஒரு கப்பல் நுழைவதாகவும் மற்றது ஏற்பதாகவும் இணைப்புப் பொறி இருந்தது. அன்றோ இரண்டு பக்கத்திற்கும் ஒரே மாதிரியான பொறி செய்தார்கள். எது மேல், எது கீழ் என்ற பேச்சுக்கே இடமில்லை. சமத்துவம் ஏற்பட்டது, சேர்க்கையும் ஏற்பட்டது.

நிற்க, பின்னால் நடந்ததென்ன? 2011-ல் அமெரிக்கக் காங்கிரஸ், தனி அனுமதியில்லாமல் நாஸா சீனாவோடு நேராகச் சேர்ந்து வேலை செய்யப் பணம் செலவிடக் கூடாதென்று விதித்தது. 2022-ல் ருஷியா உக்ரெய்ன் மீது படையெடுக்கவே, ஐரோப்பாவும் ருஷியாவும் சேர்ந்து அவ்வருஷம் செவ்வாய்க்கு அனுப்ப இருந்த ஆளில்லா ஊர்தி நின்று போயிற்று. படையெடுத்தவனைக் கண்டிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை; கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே 2022-ல் ஒரு அமெரிக்கர் ருஷியக் கப்பலிலும், ஒரு ருஷிய மாது அமெரிக்கக் கப்பலிலும் ஏறி சர்வதேச விண்வெளி நிலையத்திற்குப் போனார்களே, அது ஏன்? ஒருவரை விட்டு ஒருவர் அந்நிலையத்தை நடத்த முடியாது என்பதை இரு தரப்பாரும் அறிந்திருந்ததனாலேயாகும்.

எந்தக் கிரகமும் எந்த தேசத்திற்கும் சொந்தமாகாதென்றும், விண்வெளி வீரர் மனித சமூகத்தின் தூதரென்றும் 1967-ம் வருஷத்து ஒப்பந்தம் கூறுகின்றது. மேலே சொன்ன வல்லரசுகள் எல்லாம் அதை ஏற்றவைகளே. ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. எவர் கப்பலும் எவர் கப்பலோடும் இணையும்படி ஒரே பொறி வேண்டும். ஆபத்தில் யாராயினும் காப்பாற்றும் கடமை வேண்டும். செலவில் பங்கு கொள்ளும் சிறு தேசத்திற்கும் தீர்மானத்தில் பங்கு வேண்டும்.

கொடி நாட்டுவதானாலும், முதலில் ஆள் உயிரோடு போய்ச் சேர வேண்டுமல்லவா?