மாமல்லபுரக் கடலடியில் கேமரா

தண்ணீருக்குள் போன வெயில் தன் நிறங்களை ஒவ்வொன்றாக இழக்கிறது. முதல் சில மீட்டரிலேயே சிவப்பு மறையும். ஆரஞ்சும் மஞ்சளும் அடுத்து மங்கும். நீலமும் பச்சையும் மட்டுமே ஆழம்வரை போகும். அதனால்தான் ஸ்கூபா கருவியோடு இறங்கும் படக்காரர் உச்சி வெயிலிலும் கையில் விளக்கு வைத்திருக்கிறார். ஒளிவிலகலால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உள்ளதைவிடக் கிட்டத்திலும் தெரியும். கேமராவின் நீர்புகாப் பெட்டியில் தட்டைக் கண்ணாடி இருந்தால் காட்சியின் அகலம் குறையும். குவிமாடக் கண்ணாடி அந்தக் குறையைப் போக்கும்.

சோழமண்டலக் கரையில் இதைவிடப் பெரிய தடை கலங்கல். திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் சேர, பாலாறு வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. 2021 நவம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் ஆறு வண்டலையும் சுமந்துகொண்டே கடலுக்குப் போகும். அலையும் அடிமணலைக் கிளறும். கேமராவுக்கு மேலேயே பிளாஷ் இருந்தால், மிதக்கும் ஒவ்வொரு துகளும் வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் விழும். விளக்கை நீண்ட கைகளில் இருபுறமும் தள்ளிவைத்து, பொருளை முழ தூரத்துக்குள் நெருங்கி எடுப்பதே இதற்கு வழி.

பாலாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள மாமல்லபுரத்தில் இந்த வேலை வரலாற்றுக்குத் துணை நின்றது. 2002 ஏப்ரலில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் ஆய்வுக் குழுவும் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் முக்குளித்தன. சரிந்த சுவர்கள், சதுரமும் செவ்வகமுமான கற்கள், படிகளோடு கூடிய ஒரு மேடை ஆகியவை தென்பட்டன. 2004 சுனாமிக்குப் பின் இந்தியத் தொல்லியல் துறை கடற்படையோடு சேர்ந்து அங்கே ஆய்வு செய்தது.

இங்கே படம்தான் சான்று. கல்லின் மேல் கொட்டலசும் சிப்பியும் அப்பிக் கிடக்கும். அந்தப் போர்வைக்குக் கீழே இருப்பது இயற்கைப் பாறையா, உளிபட்ட விளிம்பா என்று மற்றவர்கள் சரிபார்க்க வேண்டும். அதற்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் உள்ள அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த பல படங்களை இணைத்தால், கலங்கலில் முழுதாகக் காண முடியாத சுவரின் முழு வரைபடமும் கிடைக்கும்.

இத்தனைக்கும் அடிப்படை உடலின் கட்டுப்பாடு. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்கு. படம் அசையக் கூடாது, குமிழி மீனை விரட்டக் கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டு மேலே எழுந்தால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். மிதப்பைச் சமன்செய்யத் தெரியாதவரின் கால் துடுப்பு ஒருமுறை தரையில் பட்டால் போதும், கிளம்பும் புழுதி காட்சியை மறைத்துவிடும். பவளம் இருக்கும் இடமானால் அது ஒடியும். எனவே முக்குளிப்பு நன்றாகக் கைவந்த பிறகே கேமராவோடு கடலில் இறங்க வேண்டும்.