கீபோர்டு பழுதல்ல, மூன்று வரிதான் குறை

வெள்ளக்கடையில் அப்பா வைத்திருக்கும் லேப்டாப் பழையது. விண்டோஸ் 11 அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்ததால் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பத்தே நாளில் போன் வந்தது. "கீபோர்டு போயிடுச்சாம்ப்பா, மாத்தணுமாம்." சத்தத்தைக் கூட்ட, குறைக்க, பாட்டை நிறுத்த இருக்கும் மூன்று கீகளும் வேலை செய்யவில்லை என்று மலையிறங்கிப் போய் சேலத்தில் காட்டியிருக்கிறார். கடையில் சொன்ன விலை 1,800 ரூபாய்!

கீபோர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரு கீயை அழுத்தினால் அது ஓர் எண்ணை அனுப்புகிறது. இதற்கு ஸ்கேன்கோடு என்று பெயர். லினக்ஸ் கெர்னல் தன் அட்டவணையில் அந்த எண்ணைத் தேடி, இது வால்யூம் கீ என்று டெஸ்க்டாப்புக்குச் சொல்கிறது. அட்டவணையில் எண் இல்லையென்றால் 'தெரியாத கீ' என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடும். கீயை அழுத்திவிட்டு டெர்மினலில் டிமெசேஜ் கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் அந்தக் குறிப்பும் எண்ணும் தெரியும். (எஃப்என் கீயை மட்டும் விட்டுவிடுங்கள். பல மாடல்களில் அது லினக்ஸ் வரை வருவதே இல்லை.)

டெஸ்க்டாப் செட்டிங்ஸில் ஷார்ட்கட் வையுங்கள் என்று பலர் சொல்வார்கள். கெர்னலுக்கே தெரியாத கீ டெஸ்க்டாப்புக்கு எப்படித் தெரியும்? எக்ஸ்மோட்மேப் வைத்தியமும் பழசு, வேலேண்டில் எடுபடாது. கெர்னல் அட்டவணையைத் திருத்துவதுதான் சரி. யூடெவ்வின் ஹெச்டபிள்யூடிபி ஃபைலில் மாடல் பெயரை எழுதி, அதன் கீழே எண்ணுக்கு நேராகக் கீயின் பெயரை எழுத வேண்டும். இந்த வரி ஓர் இடைவெளியுடன் தொடங்க வேண்டும். அதை விட்டுவிட்டு நான் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தேன்!

ஆனால் நம்மவர்கள் இதோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. 2011-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் தரத் தொடங்கியபோது, ஒரே மாடல் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனது. விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அப்படி ஒரு மாடலில் ஒரு கீ ஊமையானால் எத்தனை வீட்டில் ஊமையாகும்? சிஸ்டம்டி திட்டம் இந்த வரிகளை எல்லோரிடமிருந்தும் வாங்கிக்கொள்கிறது. ஒருவர் அனுப்பி அது ஏற்கப்பட்டால், அடுத்து வரும் லினக்ஸ் பதிப்புகளில் அதே மாடல் வைத்திருப்பவர் எதுவும் செய்ய வேண்டாம்.

அப்பாவின் மூன்று வரிகளை அனுப்பிவிட்டேன். மாடல் எண்ணை லேப்டாப்பின் அடியில் பார்த்துப் படித்துச் சொன்னவர் அவர்தான்.