ஸ்போர்ட்ஸா, லக்ஸுரியா? பில் கட்டுவது யாரு?

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். இந்தப் பேச்சு காதில் விழாமல் எழுந்து வர முடியாது.

"மாப்ள, என்-லைன் எடுறா. அந்த சைலன்சர் சத்தமே கெத்துடா."

"போடா.. ஆஸ்டா ஆப்ஷனல் எடு. சன்ரூஃப், போஸ் ஸ்பீக்கர். உள்ள உக்காந்தா ஏரோப்ளேன் மாதிரி இருக்கும்."

இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்து பட்டிமன்றமே நடக்கும். கல்யாணம் ஆகப் போகிற பையன் நடுவில் உட்கார்ந்து யோசித்துக் கொண்டிருப்பான். யோசிக்கட்டும். அதற்குள் நாம் கணக்கைப் பார்த்துவிடலாம்.

முதலில் இந்தச் சின்னக் கார் என்ற ஜாதியே எப்படி வந்தது? 2006 பட்ஜெட்டில் பக்கத்து ஊர்க்காரரான சிவகங்கை எம்.பி. ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கு கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் 1500 சி.சி.க்குள். அன்றிலிருந்து கம்பெனிகள் எல்லாம் டேப் வைத்து அளந்து 3.99 மீட்டரில் கார் செய்ய ஆரம்பித்தன. நோக்கம் என்ன? நடுத்தரக் குடும்பம் கார் வாங்கட்டும் என்பது. 2025 செப்டம்பர் 22 முதல் இதே ரகத்துக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதே நோக்கம்தான்.

அரசு வரியைக் குறைத்தது குடும்பத்துக்காக. அந்தக் காசை சிவப்புக் கோட்டுக்கும் கண்ணாடிக் கூரைக்கும் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

சரி, ஸ்போர்ட்ஸ் கட்சியை முதலில் விசாரிப்போம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய், 2021 செப்டம்பரில் ஐ-20 என்-லைனை இந்தியாவில் விட்டது. 1 லிட்டர் டர்போ என்ஜின், 120 குதிரைத்திறன். சாதாரண ஐ-20-யின் 1.2 லிட்டர் என்ஜின் 83 தான். பின்னாலும் டிஸ்க் பிரேக், கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன், இரட்டைக் குழாய் சைலன்சர், அங்கங்கே சிவப்புக் கோடு. இதில் பாதி நிஜம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். டர்போ வெறும் ஸ்டிக்கர் இல்லை. டிஸ்க் பிரேக்கும் ஸ்டிக்கர் இல்லை.

ஆனால் ஒரு விஷயம். ஐரோப்பாவில் 'ஐ-20 என்' என்று நிஜமான பந்தயக் குட்டி ஒன்றை இதே கம்பெனி விற்றது. அதற்கு 204 குதிரைத்திறன். பெயரில் 'லைன்' என்று ஒரு வால் சேர்ந்தால் குதிரையில் 84 குறைந்துவிடும். நம் ஆட்கள் வாலைக் கவனிப்பதில்லை.

நம்ம பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-ல் டியாகோ ஜே.டி.பி. கொண்டு வந்தார்கள். பேப்பரில் பார்த்தால் அருமையான வண்டி. பாராட்டியவர்கள் ஏராளம், வாங்கியவர்கள் குறைவு. 2020-லேயே கடையைச் சாத்திவிட்டார்கள். வேகத்தின் மேல் நமக்கு இருக்கும் காதல் எவ்வளவு என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. நமக்கு வேண்டியது வேகம் இல்லை, வேகமாகப் போகிற மாதிரி ஒரு தோற்றம்.

இனி அந்த 120 குதிரையை எங்கே மேய விடுவது? மதுரை - தூத்துக்குடி நாலுவழிச் சாலையில் விடலாம். 2018-ல் மத்திய அரசு அறிவித்தபடி நாலுவழிச் சாலையில் காருக்கு உச்சம் 100 கிலோமீட்டர். 83 குதிரை அதை மூச்சு வாங்காமல் தொடும். மீதி 37 குதிரைக்கு வேலை கொடுத்தால் அபராத ரசீதுதான் வரும்.

நாலுவழியை விட்டு இறங்கி திருச்சுழி, நரிக்குடி பக்கம் திரும்பினால் கதை வேறு. இது கரிசல் மண். ஐப்பசி மழையில் ஊறி உப்பும், சித்திரை வெயிலில் காய்ந்து பிளக்கும். மேலே எவ்வளவு நல்ல தார் போட்டாலும் அடியில் மண் அசைந்தால் ரோடு அலை அலையாகத்தான் கிடக்கும். அதில் இறுக்கமான சஸ்பென்ஷன் என்றால் என்ன அர்த்தம்? பின் சீட்டில் இருக்கும் பாட்டியின் முதுகைக் கேளுங்கள்.

டயர் கணக்கும் பாருங்கள். 195/55 ஆர்16 என்று எழுதியிருந்தால், அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது 107 மில்லிமீட்டர். 185/65 ஆர்15 என்றால் 120 மில்லிமீட்டர். பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்தக் கூடுதல் 13 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான். இரும்பு ரிம் வளைந்தால் பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் புதுசுதான்.

அப்படியானால் லக்ஸுரி கட்சிக்கு வெற்றியா? அவசரப்பட வேண்டாம்.

சன்ரூஃப். உச்சி வெயிலில் குடை இல்லாமல் கண்மாய்க் கரையில் நடக்க யோசிக்கும் ஊரில், காரின் கூரையை வெட்டிக் கண்ணாடி போட்டு, அதற்குக் காசும் கொடுத்து, பிறகு திரையை இழுத்து மூடி, ஏ.சி.யை நாலில் வைப்பது. இதற்குப் பெயர் சொகுசாம்! வேப்பமர நிழல் தேடி வண்டி நிறுத்துகிறவனுக்கு எதற்கு சன்ரூஃப்?

கலர் கலராக எரியும் உள்விளக்கு, ஏழு ஸ்பீக்கர், போனிலிருந்தே ஏ.சி. போடும் வசதி.. இதில் எத்தனை ஆறு மாதத்துக்குப் பிறகும் நினைவிருக்கும்? இதே வரிசையில் பின் சீட்டு ஏ.சி. துவாரம் ஒன்றுதான் நம்ம ஊருக்கு உண்மையிலேயே உதவும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸில் உருப்படியானது பிரேக். லக்ஸுரியில் உருப்படியானது பின் சீட்டு ஏ.சி. இரண்டையும் மட்டும் கொடு என்றால் கொடுப்பார்களா? மாட்டார்கள். சாத்தூரில் அரைக் கிலோ காராச்சேவு வாங்கப் போனவனிடம், "பால்கோவா, மிக்சர், மைசூர்பாகு சேர்ந்த பெட்டியாத்தான் தருவோம்" என்று சொன்னால் என்ன செய்வான்? அடுத்த கடைக்குப் போவான். கார் ஷோரூமில் மட்டும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வருகிறான்.

காமர்ஸ் படிக்கும் நண்பர்களுக்கு இது தெரிந்த பாடம்தான். ஒரே பொருளை நாலு பெயரில் நாலு விலையில் வைத்து, யார் எவ்வளவு கொடுக்கத் தயாரோ அவ்வளவையும் கறப்பது. பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதுகிறோம். ஷோரூம் வாசலில் மறந்துவிடுகிறோம்.

இந்த விளையாட்டு உயிரோடும் நடந்திருக்கிறது. 2005-ல் மாருதி ஸ்விஃப்ட் வந்தபோது ஏர்பேக் இசட்எக்ஸ்ஐ-யில்தான். எல்எக்ஸ்ஐ வாங்கியவனுக்குக் கிடையாது. அன்றைக்கு அதற்கும் 'டாப் மாடல் வசதி' என்றுதான் பெயர்! ஏ.பி.எஸ். எல்லாக் காருக்கும் கட்டாயம் ஆனது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில். பக்கத்து சீட்டு ஏர்பேக்குக்கு 2021 கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்த பிறகுதான் உயிர் லக்ஸுரி பட்டியலிலிருந்து இறங்கியது. ஆகவே ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை ஏர்பேக், இஎஸ்சி இருக்கா, இந்த மாடலை மோதிப் பார்த்து எத்தனை ஸ்டார் கொடுத்தார்கள்?" என்பதுதான். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே மோதல் சோதனை நடக்கிறது. டீக்கடைப் பட்டிமன்றத்தில் ஒரு ஆளாவது இதைக் கேட்டானா?

இப்போது காசு.

நடு வேரியண்டுக்கும் டாப் வேரியண்டுக்கும் 2 லட்சம் வித்தியாசம் என்று வைத்துக் கொள்வோம். 9.5 சதவீத வட்டி, ஐந்து வருடக் கடன். மாதம் 4,200 ரூபாய், மொத்தம் 2,52,000. ஐந்தாவது வருடத்தில் இன்சூரன்ஸ்காரன் வண்டி மதிப்பில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பான். 2 லட்சம் அலங்காரம் 1 லட்சம் ஆகியிருக்கும். அதே 4,200-ஐ மாதாமாதம் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போட்டிருந்தால், 2024-ல் இருந்த 6.7 சதவீத வட்டிக்கு, ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட 3 லட்சம்.

ரோடு டாக்ஸ் இன்னும் வேடிக்கை. 2023 நவம்பரில் தமிழ்நாடு மாற்றிய விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. விலை 9,90,000 என்றால் வரி 1,28,700. விலை 10,10,000 என்றால் வரி 1,81,800. இருபதாயிரம் ரூபாய் ஆசைக்கு வரியில் மட்டும் 53,100 தண்டம்!

"அவன் காசு, அவன் ஆசை. உங்களுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவன் காசாக இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை.

டீக்கடையில் நடுவில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனுக்கு வருவோம். அவன் கல்யாண மாப்பிள்ளை. பில் கட்டப் போகிறவர் அங்கே இல்லவே இல்லை. அவர் எங்கோ தறிச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, வீட்டுப் பத்திரத்தை எந்த பேங்கில் வைக்கலாம் என்று யோசித்துக் கொண்டிருக்கும் பெண்ணின் அப்பா.

பேச்சு எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நாங்க ஒண்ணும் கேக்கல சம்பந்தி. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது. மாப்பிள்ளை மட்டும் கொஞ்சம் ஆசைப்படுறாப்ல.. செய்யறதே செய்யறீங்க, டாப் மாடலாவே செஞ்சிருங்க."

அந்த 'டாப் மாடலாவே' என்ற ஒரு வார்த்தை 2,52,000 ரூபாய். மாதம் 4,200 வீதம் அறுபது மாதம். அதற்குள் வீட்டில் இளைய பெண் காலேஜ் போக வேண்டும். மண்டபத்து வாசலில் ரிப்பன் கட்டி நிற்கும் காரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் இரண்டு எழுத்தை சொந்தக்காரர்கள் குனிந்து பார்த்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அதற்குத்தான் இத்தனையும்.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். கொடுத்தால், வாங்கினால் குறைந்தது ஐந்து வருடம் என்று சட்டம் சொல்கிறது. கேட்காமல் ஆசையாய்த் தந்த அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. அதுவும் பட்டியல் எழுதி வைக்க வேண்டும், பெண் வீட்டார் தருவது அவர்கள் வசதிக்கு மீறியதாக இருக்கக் கூடாது. எல்லோரும் இந்தச் சந்துக்குள்தான் காரை ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

சரி, "உங்க பொண்ணுக்குத்தானே" என்கிறார்களே, ஒரு சின்னச் சோதனை வைப்போம். ஆர்.சி. புத்தகம் யார் பெயரில்? ஷோரூமில் கலர் தேர்ந்தெடுத்தது யார்? அந்தப் பெண்ணுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார்களா? மூன்று கேள்விக்கும் பதில் அந்தப் பெண் என்றால், கார் அவளுக்குத்தான். ஒன்றுக்குக்கூட இல்லையென்றால் அதற்குப் பெயர் அன்பளிப்பு இல்லை.

ஆகவே ஸ்போர்ட்ஸா லக்ஸுரியா என்ற பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு இதுதான். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்குகிறாயா? நடு வேரியண்ட் எடு. ஏர்பேக்கையும் பிரேக்கையும் பார். பத்து லட்சத்தைத் தாண்டாதே. மீதியை ஆர்.டி.யில் போடு. அதற்கு மேலும் சிவப்புக் கோடு வேண்டுமென்றால் உன் இஷ்டம், உன் காசு.

மாமனார் காசில் வாங்குகிறாயா? அப்படியானால் தேர்ந்தெடுக்கும் உரிமையே உனக்கு இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ் இருக்கிறது. ஜன்னல் சீட்டு கிடைத்தால் காற்றும் இலவசம்.

டிஸ்கி: கல்யாணம் நிச்சயமான நண்பர்கள் யாராவது இதைப் படித்துக் கோபப்பட்டால், கோபம் எந்த வரியில் வந்தது என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கவும். சன்ரூஃப் வரியிலா, ஆர்.சி. புத்தக வரியிலா?