பொன்னாவைக் கேட்டவர் யார்?

காவிரி அகன்று பாயும் ஊர் ஜேடர்பாளையம். ராஜா வாய்க்கால் பிரிந்து, கரும்பையும் வாழையையும் வளர்க்கும் ஊர். வளம் கொழிக்கும் இவ்வூரில் சென்ற தைத் திங்களில் ஒரு வளைகாப்பு. பெண்கள் வரிசையாகச் சென்று வளையல் பூட்டினர். ஒருத்தி மட்டும் பந்தற்காலருகே நின்றாள், வாங்கி வந்த கண்ணாடி வளையல்களைக் கையில் ஏந்தியபடி. மணமாகி ஒன்பதாண்டு, மகவு இல்லை. "நீ இரு கண்ணு" என்றார் ஒரு மூதாட்டி. கனிவான குரல்தான், ஆனால் கத்தியினும் கூரிய சொல்! வளையல்களைத் திண்ணையில் வைத்துவிட்டு வாய்க்காற்கரையோடு அவள் நடந்தாள். விருந்துண்ணச் சென்ற நாமும் வாய் திறந்தோமில்லை. அந்த வெட்கமே இதனை எழுதச் செய்கிறது.

அவளைக் கண்டபோது பொன்னா நம் நினைவுக்கு வந்தாள். நம் பக்கத்துத் திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டு பெருமாள்முருகன் 2010-இல் வெளியிட்ட 'மாதொருபாகன்' நாவலின் நாயகி அவள். காளிக்கும் அவளுக்கும் காதல் குறையவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளை மட்டும் இல்லை. அதற்காக ஊர் அவளை ஏசுகிறது, ஒதுக்குகிறது. தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், முன்பின் அறியாத ஆடவனைத் தெய்வமெனக் கொண்டு அவள் கருவுறட்டும் என்று ஏற்பாடாகிறது. ஏற்பாடு செய்தவர் யார்? தாய், மாமியார், உடன்பிறந்தான். கணவன் இசைந்துவிட்டான் என்று பொய் சொல்லி அவளை அனுப்புகிறார்கள். அவள் விருப்பத்தை, முழு உண்மையையும் சொல்லிக் கேட்டவர் யார்?

தொடர்ந்து வந்த 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்னும் இரு நாவல்களையும் பாருங்கள். ஒன்றில் காளி மாண்டுபோகிறான்; மற்றொன்றில் பிழைத்திருந்து அவளை வெறுக்கிறான். அவன் செத்தாலும் அவளுக்கே தண்டனை. வாழ்ந்தாலும் அவளுக்கே தண்டனை! பொய் சொன்னவன் தப்பினான், நம்பியவள் சிக்கினாள்.

2014 டிசம்பரில் நூலைக் கொளுத்தினர். ஊர்ப்பெண்களின் மானம் போயிற்று என்றனர். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவிக்கும் நிலை ஆசிரியருக்கு வந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நூலின் பக்கம் நின்றது. நன்று! நூல் விடுதலை பெற்றது. பொன்னா விடுதலை பெற்றாளா? மானத்துக்காகக் கடையடைத்த பெரியோர்களே, 'மலடி' என்ற சொல்லுக்காக நீங்கள் என்றேனும் ஒரு கடையை அடைத்ததுண்டா? கதையில் வந்த இரவு இழுக்கென்றால், அந்த இரவை நோக்கி அவளைத் துரத்திய பன்னிரண்டாண்டுப் பகல்கள் பெருமையோ?

மருத்துவம் என்ன சொல்கிறது? பிள்ளைப்பேறு வாய்க்காத இணையரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணிடத்தும் காரணம் உண்டு. ஆயினும் அரசமரம் சுற்றுபவள் அவள். மண்சோறு உண்பவள் அவள். ஏன்? பெண்ணைப் பெண்ணாகப் பார்க்கவில்லை; காணிக்கு வாரிசு விளைக்கும் மற்றொரு காணியாகப் பார்த்தார்கள். பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது; தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. நிலத்தில் பங்கு ஏட்டில் வந்துவிட்டது. வளையல் தட்டில் பங்கு இன்னும் வரவில்லையே!

மலைமேல் உறையும் தெய்வத்துக்குப் பாதியுடல் பெண் என்கிறார்கள். மலையடியில் வாழும் பெண்ணுக்கோ, தன் உடலில் பாதியேனும் சொந்தமுண்டா?

தோழர்களே, நாவலைப் படித்துக் கண்ணீர் சிந்துவது எளிது. பந்தலில் எழுந்து நிற்பதே அரிது. அன்று நாம் எழவில்லை. அடுத்த வளைகாப்பில் எழுவோம். முதல் வளையலை அவள் கையால் பூட்டச் செய்வோம். தடுப்பவர் இருந்தால், அந்த விருந்தில் நமக்கு இலை வேண்டாம்!