வயிறு சொல்லும் பாடம்

"காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று ஆசிரியை கேட்டால் நம்மில் பலர் தலையைக் குனிந்துகொள்கிறோம். சிலர் "டீயும் பிஸ்கட்டும்" என்கிறோம். வேறு சிலர் "இட்லி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். பழைய சோறு உண்டுவிட்டு வந்தவள் மட்டும் அதை வாய்திறந்து சொல்வதே இல்லை. தோழியர் சிரிப்பார்களே என்ற வெட்கம்!

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பார்கள் பெரியோர். அந்தச் செல்வத்தின் பெட்டகம் வயிறுதான். பெட்டகத்தின் சாவியை நாம் எவ்வளவு அலட்சியமாக வைத்திருக்கிறோம் என்பதைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

காரைக்கால்மேட்டில் பொழுது விடியுமுன்பே பல வீடுகளில் அம்மா கூடையுடன் மீன் எடுக்கப் புறப்பட்டுவிடுகிறார். அப்பா கடலில் இருப்பார். காலை அடுப்பும் தம்பி தங்கையரும் நம் பொறுப்பு. அம்மா வைத்துவிட்டுப் போகும் பத்து ரூபாய், பெட்டிக்கடையில் தொங்கும் சிப்ஸ் பொட்டலமாக மாறிவிடுகிறது. பள்ளி மணி அடிப்பதற்குள் அதைத் தின்று முடித்து, காலை உணவு ஆயிற்று என்று கையைத் தட்டிக்கொள்கிறோம்.

சென்ற ஆண்டு நம் தோழி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வகுப்பிலேயே சுருண்டுவிட்டாள். குடல்வால் நோயோ என்று வீட்டார் பதறினார்கள். மருத்துவர் சோதித்துவிட்டு மூன்றே கேள்விகள் கேட்டாராம். மலம் கழித்து எத்தனை நாளாயிற்று? காய்கறி கடைசியாக எப்போது உண்டாய்? பள்ளியில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய்? மூன்றுக்கும் அவளிடம் பதில் இல்லை. தோழியரே, நம்மிடம் மட்டும் இருக்கிறதா?

உணவுக்கும் குடலுக்கும் உள்ள உறவை உலகுக்கு எடுத்துக் காட்டிய ஆராய்ச்சிகளில் ஒன்று நம் தமிழகத்திலேயே நடந்தது என்பது பெருமைக்குரியது. நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்ற வடமேற்குப் பகுதி உணவை உண்ட எலிகள் நல்ல நலத்துடன் வளர்ந்தன. தீட்டிய அரிசியே மிகுந்து, பாலும் கீரையும் குறைந்த தென்னாட்டு ஏழை உணவை உண்ட எலிகளுக்கு இரைப்பையிலும் குடலிலும் நோய்கள் கண்டன. அவர் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குவது அதுவே.

இதனால் சோறு கெட்டது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சோற்றுக்குத் துணை இல்லாமற் போனதே குறை. நம் ஊர்த் தட்டைப் பாருங்கள். மலைபோலச் சோறு, அதன்மேல் மீன்குழம்பு, ஓரத்தில் கருவாடு. மீன் உடலை வளர்க்கும் அருமையான உணவுதான். ஆனால் அதில் நார்ச்சத்து துளியும் கிடையாது. "மீன் இருக்கும்போது காய் எதற்கு?" என்பது நம் வீட்டுப் பழக்கம். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களிலோ, மீனுக்குப் பதில் ஊறுகாயும் கருவாடும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கொல்லையில் முருங்கை தழைத்து நிற்க, நாம் உப்பைத் தின்றுகொண்டிருக்கிறோம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 10 வயதைக் கடந்த அனைவருக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் காய்கனியும் வேண்டும் என்றும் 2023-இல் அறிவித்திருக்கிறது.

நார்ச்சத்து செரிக்காதே, அது எதற்கு என்று கேட்கலாம். அது நமக்குச் செரிக்காது. நம் பெருங்குடலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்கு அதுவே விருந்து. அவை அதை நொதிக்கச் செய்து உண்டாக்கும் சில அமிலங்கள் குடலின் உட்சுவருக்கு உணவாகின்றன. விருந்தை நிறுத்திவிட்டால் குடியிருப்போர் எப்படி நலமாக இருப்பர்?

இங்கேதான் நாம் வெட்கப்படும் பழைய சோறு தலைநிமிர்ந்து நிற்கிறது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறி, நார்ச்சத்தைப் போலவே பெருங்குடல் வரை செல்கிறது. இரவெல்லாம் நீரில் ஊறும்போது, தயிரைப் புளிக்க வைக்கும் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் அதில் பெருகுகின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மருத்துவர்கள் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எவ்வாறு உதவும் என்று ஆராய முன்வந்தார்கள். பாட்டியின் மண்சட்டியை மருத்துவக் கல்லூரி எட்டிப் பார்க்கும் காலத்தில் நாம் அதை மறைத்து வைக்கிறோமே!

ஆனால் பழமை என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் தவறு. சோறு ஊறும் நீர் தூய்மையாக இருக்க வேண்டும். 2022 ஜூலையில் நம் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, காலரா என்று உறுதியாகி, பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டதையும் பள்ளிகள் மூடப்பட்டதையும் நாம் மறந்துவிட முடியுமா? எவ்வளவு நல்ல உணவு உண்டாலும் குடிநீர் கெட்டால் குடல் கெடும். ஆகவே, கொதிக்கவைத்து ஆறிய நீரையே சோற்றில் ஊற்ற வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இதை நம் வீட்டில் ஒருவராவது அறிந்திருப்பது அவசியம்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறோம். பெண்பிள்ளைகளில் பலர் பள்ளி நேரம் முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறைக்குப் போக நேருமே என்ற அச்சம்! காலையில் நிரப்பிய தண்ணீர்ப் புட்டி மாலையில் நிறைந்தபடியே வீடு திரும்புகிறது. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் இதனால் எளிதில் வந்து சேர்கின்றன. எனவே எந்தப் பள்ளியானாலும், தூய கழிப்பறையையும் அங்கே சென்றுவரப் போதிய நேரத்தையும் கேட்பது மாணவியரின் உரிமை. பயன்படுத்தியபின் தண்ணீர் ஊற்றித் தூய்மையாக விட்டு வருவது நம் கடமை. கடமையை மறந்துவிட்டு உரிமையை மட்டும் கேட்டால் யார் செவிசாய்ப்பார்?

நாம் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. வாரத்தில் மூன்று நாளாவது முருங்கைக்கீரையைப் பறித்து வதக்குவோம். பத்து ரூபாய்க்கு இரண்டு வாழைப்பழமோ ஒரு கை வேர்க்கடலையோ வாங்குவோம். கருவாட்டை நன்றாக அலசி, குறைவாக உண்போம். பழைய சோற்றுடன் சின்ன வெங்காயமும், முதல்நாள் இரவே ஊறவைத்த பயறும் சேர்ப்போம். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருந்தின் பெயர்களை அடுக்கவில்லை. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணும் முறையையே பெரிதும் எடுத்துரைத்தார். அதைப் படித்துத் தேர்வில் மதிப்பெண் வாங்கும் நாம், உண்கலத்தின் முன் அமரும்போதும் நினைவில் கொள்வோம்.

நம் அன்னையர் கூடை சுமப்பது நாம் படித்து நலமாக வாழவேண்டும் என்பதற்காக. அவர்கள் வைத்துவிட்டுப் போகும் பத்து ரூபாயில் அவர்களுடைய வியர்வை இருக்கிறது. அதைக் காற்றடைத்த பொட்டலத்துக்குக் கொடுக்கலாமா?

நாளைக் காலை ஆசிரியை அதே கேள்வியைக் கேட்கட்டும். "பழைய சோறும் பயறும்" என்று நம்மில் ஒருத்தியாவது எழுந்து நின்று உரக்கச் சொல்லட்டும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்; அவள் வயிறு அவளை வாழ்த்தும்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்,
காரைக்கால்மேடு